இரும்பும் அளவும்
துவக்குக் கம்மியரின் கைக்கருவிகள்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒல்லாந்திலிருந்து ஆறு பொருட்கள் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. லெவ்கே திசாவையின் பெயரால் அறியப்படும் பீரங்கி, பொன் வேலைப்பாடு கொண்ட வாள் ஒன்று, வெள்ளி வேலைப்பாடு கொண்ட வாள் ஒன்று, ஒரு சிங்களக் கத்தி, இவற்றோடு இரண்டு பெருந்துவக்குகள். 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டிக்குள் புகுந்து சூறையாடியபோது கொண்டு செல்லப்பட்ட பீரங்கி, இரண்டரை நூற்றாண்டுகளின் பின் திரும்பி வந்தது. ஆகவே பேச்செல்லாம் பீரங்கியைப் பற்றியே இருந்தது. துவக்குகளை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அந்தத் துவக்குகளைச் செய்தவன் யார்? எந்தக் கருவிகளைக் கொண்டு செய்தான்? குழலின் உட்புறத்தைத் துளைத்த துறப்பணம் எங்கே? விசையின் வில்லை அழுத்திப் பிடித்த இடுக்கி எங்கே? மரத்தைக் குடைந்த உளி எங்கே? துவக்கைக் கொண்டு போனவன் கருவியைக் கொண்டு போகவில்லை. எனவே அதைத் திருப்பித் தரவும் யாரும் இல்லை. கருவி இங்கேயே கிடந்தது. யாரும் கவனியாமல் துருவாகிப் போயிற்று.

துவக்குக் கம்மியர் தமது வேலைக்காகத் தாமே செய்துகொண்ட கருவிகளின் கதையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அக்கதை எமது தீவில் மட்டும் நடந்ததன்று. பக்தாதிலும் ஆக்ராவிலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் அது நடந்திருக்கிறது. இறுதியில் எங்கும் ஒரே கேள்விதான் எஞ்சுகிறது: தொழிலின் அறிவு மனிதனின் கையில் இருக்கிறதா, அவன் செய்த கருவியில் இருக்கிறதா? கருவியில் என்றால் அந்தக் கருவி யாருக்குச் சொந்தம்?

1

கருவிகள் இருவகைப்படும். சம்மட்டி, அரம், உளி முதலியன ஒருவகை. இவை எந்த வேலைக்கும் உதவும். கை போன வழியே போகும். மற்றவகை, குறித்த ஒரு வேலைக்கென்றே செய்யப்படுவது. வேலைப்பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு, வெட்டும் கருவி இந்த வழியால்தான் போகவேண்டும் என்று அது கட்டாயப்படுத்தும். இதனை ஜிக் என்பர். பத்துத் துண்டுகளை ஒரே நீளத்தில் அறுப்பதற்காக மேசையில் ஒரு சிறு கட்டையை ஆணியடித்து வைக்கிறாரே தச்சர், அந்தக் கட்டையும் ஜிக்தான். தையற்காரரின் மட்டை வெட்டும் அதன் உறவுதான்.

பேருவளைச் சீனன்கோட்டையில் மாணிக்கக்கல் பட்டை தீட்டுவோரை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் இன்னும் எளிதில் விளங்கும். பழைய முறையில் கல்லை ஒரு குச்சியின் நுனியில் அரக்கால் ஒட்டி, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறுகையால் கல்லைப் பிடித்துத் தீட்டுவார்கள். எத்தனை பாகைச் சாய்வு என்பது அந்த மணிக்கட்டுக்குத்தான் தெரியும். பின்னர் பாகை பொறித்த தகட்டோடு கருவிகள் வந்தன. மணிக்கட்டில் இருந்த அறிவு தகட்டுக்கு இடம் மாறியது. தகட்டைத் தானே செய்துகொண்டவனுக்கு அது வசதி. தகடு வந்ததால் வேலை போனவனுக்கு அது வேறு கதை.

துவக்குத் தொழிலில் இந்த இடமாற்றம் மற்றெல்லாத் தொழில்களையும் விட முந்தியும் கூர்மையாகவும் நிகழ்ந்தது. காரணம் எளியது. துவக்கு கேட்பவர்கள் அரசர்கள். அவர்கள் ஒன்றிரண்டு கேட்பதில்லை. ஆயிரக்கணக்கில், அதுவும் உடனே கேட்பார்கள்.

2

இரும்பையும் அளவையும் சேர்த்துப் பேசும் மரபு எமக்குப் புதியதன்று. தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மிருதுவாக்கிக் கொடுக்கப்பட்டதையும், கவசங்களைச் செய்யுமாறும் அவற்றின் வளையங்களை அளவோடு கோக்குமாறும் பணிக்கப்பட்டதையும் ஸூறா ஸபஃ சொல்கிறது. இரும்பை இளக்கும் ஆற்றல் அருளப்பட்ட இடத்திலேயே அளவைப் பேணும் பொறுப்பும் சுமத்தப்படுகிறது. செய்யப் பணிக்கப்பட்ட பொருள் உயிரைக் காக்கும் கவசம் என்பதையும் நாம் கவனிக்கவேண்டும்.

எமது தீவின் இரும்பு அரபுலகிற்கு அறிமுகமான ஒன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவஞானி அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீபின் உருக்கையும் குறிப்பிடுகிறார். நீண்டகாலம் இது நூற்செய்தியாகவே இருந்தது. பின்னர் தொல்லியலாளர் கில் ஜுலெஃப் சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பழைய இரும்புலைகளை வரிசையாகக் கண்டறிந்து 1996இல் தமது முடிவுகளை வெளியிட்டார். தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகப் பயன்படுத்திய உலைகள் அவை. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை அங்கு இரும்பும் உருக்கும் உருவாக்கப்பட்டமை தெரியவந்தது. காற்று எந்தத் திசையில், எந்த வேகத்தில், எந்த மாதத்தில் வரும் என்பதைக் கணக்கிட்டுக் கட்டப்பட்ட உலைச்சுவரும் ஒரு வகையில் ஜிக்தான். மனிதனின் மூச்சு செய்யும் வேலையை மலையிடம் ஒப்படைத்த ஜிக்.

போர்த்துக்கீசர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தபோது துவக்கும் தீவின் வாழ்வுக்குள் வந்தது. எமது பேச்சில் வழங்கும் துவக்கு என்ற சொல்லும், எழுத்தில் வழங்கும் துப்பாக்கி என்ற சொல்லும் துருக்கி மொழிச் சொல்லிலிருந்து பிறந்தவை. சொல் ஒரு வழியாகவும் பொருள் இன்னொரு வழியாகவும் வந்து இங்கே சந்தித்தன. அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே தீவின் கம்மியர் அத்தொழிலில் தேர்ந்துவிட்டார்கள். ஒல்லாந்தப் பயணி லின்ஸ்கோட்டன் 1596இல் வெளியிட்ட பயணநூலில், சிங்களக் கம்மியர் செய்யும் துவக்குக் குழல்களின் அழகையும் வெள்ளிபோன்ற பளபளப்பையும் வியந்து எழுதியிருக்கிறார். ஐரோப்பியத் துவக்குகளின் விசை வலப்புறம் இருக்கும். கண்டித் துவக்கில் அது இடப்புறம் இருக்கும். அடிக்கட்டை சுருள்வடிவாகச் செதுக்கப்பட்டு வெள்ளியும் தந்தமும் பதிக்கப்பட்டிருக்கும். கண்டதை அப்படியே பார்த்துச் செய்த வேலையாக இதைக் கொள்ள முடியாது. தமக்கென ஒரு முறையை வகுத்து, அதற்கேற்ற கருவிகளையும் அமைத்துக்கொண்டவர்களின் வேலை இது.

3

இஸ்லாமிய உலகில் கருவியைப் பற்றி எழுதியவர்களுள் தலைசிறந்தவர் அல்ஜஸரி. தியார்பகிரின் அர்த்துக்கிய ஆட்சியாளருக்காக 1206இல் அவர் எழுதி முடித்த நூலில் நீர்க்கடிகாரங்களும் தானியங்கிப் பொறிகளும் விவரிக்கப்படுகின்றன. பொறிகளை வியப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள். அப்பொறிகளை எப்படிச் செய்வது என்பதையும் அவர் எழுதியிருக்கிறார். மரத்தால் மாதிரித் தகடு வெட்டிக்கொள்வது, முன்கூட்டியே கடதாசியில் உருவம் செய்து பார்ப்பது, நீர் ஒழுகும் துளையைச் சிறிது சிறிதாகச் சரிபார்த்து அளவுக்குக் கொண்டு வருவது, அடைப்பானையும் அதன் இருக்கையையும் சாணைத்தூள் இட்டு ஒன்றோடொன்று தேய்த்து இசைவிப்பது என்றெல்லாம் விளக்குகிறார். தொழிலாளி ஒருவரே பேனாவைப் பிடித்தமையால் கிடைத்த பேறு இது. தொழிலாளியின் கையில் பேனா இல்லாத இடங்களில் பொறி மிஞ்சும், செய்முறை மிஞ்சாது.

மொகலாயப் பேரரசில் பேனா அபுல் பஸ்லின் கையில் இருந்தது. அவரது ஆயின்-இ-அக்பரி அரண்மனையின் சமையலறை முதல் யானைக்கொட்டில் வரை விவரிக்கிறது. துவக்குப் பட்டறைக்கும் அதில் இடமுண்டு. முன்னர் இரும்புத் தகட்டை வளைத்து விளிம்புகளைப் பொருத்திக் குழல் செய்தார்கள். அது வெடித்துச் சுடுபவனையே காயப்படுத்தும். அக்பரின் காலத்தில் தட்டையாக்கிய இரும்பைச் சாய்வாகச் சுற்றிச் சுற்றி, மடிப்பின்மேல் மடிப்பாக உலையில் இணைத்துக் குழல் செய்யும் முறை கையாளப்பட்டது. அடுத்துவந்த சிரமம் குழலின் உட்புறத்தைத் துப்புரவாக்கி மழமழப்பாக்குவது. பலசாலிகளான ஆட்கள் இரும்புக் கருவிகளோடு நெடுநேரம் மல்லுக்கட்ட வேண்டிய வேலை அது. அதற்காக ஒரு சக்கரம் உருவாக்கப்பட்டது. மாடு ஒன்று அதைச் சுற்ற, பதினாறு குழல்கள் ஒரே நேரத்தில் துப்புரவாகும்.

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் பாதுஷாவே என்கிறார் அபுல் பஸ்ல். அரண்மனை வரலாற்றாசிரியர் அப்படித்தான் எழுதுவார். 1580களில் அக்பரின் அவைக்கு வந்த ஷீராஸ் நகரத்து அறிஞர் பத்ஹுல்லாஹ் ஷீராஸியின் கைவண்ணம் அது என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உளர். பட்டறையின் உஸ்தாதுகளுள் கபீர், ஹுஸைன் என்ற இரு பெயர்களை மட்டும் அபுல் பஸ்ல் தருகிறார். அவர்கள் எங்கே பிறந்தார்கள், யாரிடம் கற்றார்கள் என்ற விபரம் இல்லை. அதேவேளை பாதுஷாவுக்குப் பிரியமான துவக்குக்கு சங்கிராம் என்று தனிப்பெயர் உண்டு. அதனால் வேட்டையாடப்பட்ட விலங்குகளின் கணக்குக்கூட உண்டு.

ஆனாலும் ஒரு நியாயத்தை மறுக்கக்கூடாது. அப்பட்டறையில் முடிந்த குழலில் இரும்பின் எடை, இரும்பு வந்த இடம், செய்தவனின் பெயர், செய்த இடம், காலம், இலக்கம் ஆகியன பொறிக்கப்பட்டன. மாடு சுற்றிய சக்கரம் உஸ்தாதின் தோள்வலியைக் குறைத்தது. அவரது பெயரை அழிக்கவில்லை.

4

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேர்மன் மொழி பேசும் கம்மியர் பலர் வட அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், குறிப்பாக லங்காஸ்டர் பகுதியில் குடியேறினர். அவர்கள் செய்த நீள்குழல் துவக்குகளின் உட்புறத்தில் சுருள்வரிப் பள்ளங்கள் இருந்தன. குண்டு சுழன்று நேரே போவதற்கான ஏற்பாடு அது. நீண்ட குழலொன்றின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரே சீரான சுருளை வெட்டுவது எப்படி?

அவர்களின் விடை ஒரு மரத்துண்டு. உருளையான ஒரு மரத்தின் வெளிப்புறத்தில் சுருள்வரியை முதலில் செதுக்கிக்கொள்வார்கள். நீண்ட மேசையொன்றில் அதைப் பொருத்தி முன்னும் பின்னும் இழுக்கும்போது அது தன் சுருளின்படியே திரும்பும். அதனோடு இணைந்த கோலின் நுனியிலுள்ள சிறு வெட்டியும் குழலின் உள்ளே அதே சுருளில் திரும்பும். வெளியே கண்பார்த்துச் செய்த மரச்சுருள் உள்ளே கண்படாத இரும்பில் பிரதியாகிறது. இந்த மேசையைக் கம்மியன் தானே செய்வான்; கடையில் விற்பனைக்கில்லை. அவனுடைய துவக்கு எப்படிச் சுடும் என்பது அந்த மரத்துண்டில்தான் இருந்தது. சீடன் தொழில் பழகி வெளியேறும்போது குருவின் மேசையைப் பார்த்து ஒன்று செய்துகொள்வான். இவ்வாறு வழிவழியாக வந்த அறிவு, மரத்தில் எழுதப்பட்ட அறிவு.

இந்த வகை ஜிக் தொழிலாளிக்குத் துணை. அவனைவிட்டுப் பிரிந்தால் அது விறகு.

5

துணைவன் எசமானானது அடுத்த கட்டம். பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்ற துவக்குக் கம்மியர், விசையின் ஒவ்வோர் உறுப்பையும் அச்சும் அளவுகருவியும் கொண்டு ஒன்றுபோலச் செய்தால் எந்த உறுப்பையும் எந்தத் துவக்குக்கும் மாற்றிப் பொருத்தலாம் என்று காட்டினார். 1785இல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தோமஸ் ஜெபர்சன் அவரது பட்டறைக்குச் சென்றார். ஐம்பது விசைகளின் உறுப்புகள் கலைத்து வைக்கப்பட்டிருந்தன. கைக்கு வந்ததை எடுத்துத் தாமே பல விசைகளைப் பொருத்திப் பார்த்து, அவை மிகச்சரியாகப் பொருந்தின என்று அவ்வாண்டு ஆகஸ்ட்டில் தமது அரசுக்குக் கடிதம் எழுதினார்.

அந்த எண்ணம் அமெரிக்காவுக்குப் போனது. எலி விட்னி 1798இல் இரண்டு ஆண்டுகளுக்குள் 10,000 துவக்குகளைச் செய்து தருவதாக அரசோடு ஒப்பந்தம் செய்தார். 1801இல் தலைவர்கள் முன்னிலையில் உறுப்புகளை மாற்றிப் பொருத்திக் காட்டினார். கடைசித் துவக்கு ஒப்படைக்கப்பட்டது 1809இல்தான். பாடப்புத்தகங்களில் நெடுங்காலம் அவர் பெயரே நின்றது. பிற்கால ஆய்வாளர்கள் அவருடைய துவக்குகளைக் கழற்றிச் சோதித்தபோது உறுப்புகள் மாற்றிப் பொருந்தவில்லை.

உண்மையில் அதைச் சாதித்தவர்களுள் முதன்மையானவர் ஜோன் ஹோல். 1819இல் ஹார்பர்ஸ் பெரி ஆயுதசாலையில் 1,000 துவக்குகள் செய்ய ஒப்பந்தம் பெற்று, அதற்குரிய இயந்திரங்களையும் ஜிக்குகளையும் தாமே அமைக்கத் தொடங்கினார். வேலை 1824இல்தான் முடிந்தது. பெரும்பகுதிக் காலம் துவக்கு செய்வதில் கழியவில்லை, கருவி செய்வதில் கழிந்தது. ஒரு துவக்கைச் சரிபார்க்க அவர் கையாண்ட அளவுகருவிகள் 63. ஓர் உறுப்பை ஒவ்வொரு வேலைக்கும் பிடிக்கும்போது ஒரே புள்ளியிலிருந்தே அளக்கவேண்டும் என்பது அவரது அடிப்படைக் கொள்கை. இடத்துக்கிடம் வேறு புள்ளியிலிருந்து அளந்தால் சிறு பிழைகள் ஒன்றுசேர்ந்து பெரும் பிழையாகும். பின்னர் அரசு அனுப்பிய குழு அவருடைய 100 துவக்குகளைக் கழற்றி, உறுப்புகளைக் கலந்து, புதிய அடிக்கட்டைகளில் பொருத்திப் பார்த்தது. எல்லாம் பொருந்தின.

ஆயுதசாலையின் தொழிலாளருக்கு இது வெற்றியாகப் படவில்லை. அவர்கள் தமது நேரத்தைத் தாமே ஆண்டவர்கள். வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகிறவர்கள். முழுத்துவக்கையும் செய்யத் தெரிந்த கைக்கு இனி ஒரே உறுப்பை ஒரே ஜிக்கில் நாள்முழுதும் வைத்தெடுக்கும் வேலை. 1842இல் இராணுவ அதிகாரிகளின் கீழ் கடிகாரப்படி வேலைநேரம் கட்டாயமாக்கப்பட்டபோது அவர்கள் வேலையை நிறுத்தி, கால்வாய்ப் படகொன்றை வாடகைக்கு அமர்த்தி வாஷிங்டன் சென்று ஜனாதிபதி டைலரிடம் முறையிட்டார்கள். ஜனாதிபதி அவர்களை வேலைக்குத் திரும்புமாறு சொல்லி அனுப்பிவிட்டார்.

1851இல் இலண்டன் பொருட்காட்சியில் வேர்மொன்டின் ரொபின்ஸ் அன்ட் லோரன்ஸ் கம்பனி ஆறு துவக்குகளை வைத்து உறுப்புகளை மாற்றிப் பொருத்திக் காட்டியது. பிரித்தானியா அமெரிக்க இயந்திரங்களை விலைக்கு வாங்கி என்பீல்டில் நிறுவியது. அதே ஜிக்கும் அளவுகருவியும் துவக்கைத் தாண்டியும் போயின. 1858 முதல் பிரவுன் அன்ட் ஷார்ப் கம்பனி வில்கொக்ஸ் அன்ட் கிப்ஸ் தையல் இயந்திரங்களை ஆயுதசாலை முறையிலேயே செய்தது. சிங்கர் கம்பனி பலகாலம் உறுப்புகளை அரத்தால் தேய்த்தே பொருத்தி வந்து, பின்னரே இந்த வழிக்கு வந்தது. 1877இல் அக்கம்பனி இலங்கைக்கும் வந்தது. எமது ஊர்களின் தையற்கடை வாசலில் ஓடும் இயந்திரத்துக்கும் ஆயுதசாலைக்கும் இப்படியொரு உறவு இருக்கிறது. ஊசி உடைந்தால் கடையில் வேறோர் ஊசி வாங்கிச் செருகுகிறோம், அது பொருந்துகிறது. அந்தப் பொருத்தத்துக்காக ஒரு தொழிலாளர் பரம்பரை தன் கைத்திறனை இழந்திருக்கிறது.

இதற்கு மறுபுறமும் உண்டு. பெஷாவருக்குத் தெற்கேயுள்ள தர்ரா ஆதம் கேலில் அப்ரீதிப் பழங்குடியினரின் பட்டறைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டுப் பிரித்தானியத் துவக்குகளைப் பார்த்துக் கையாலேயே செய்து வந்தன. தொழிற்சாலையின் பெரிய இயந்திரங்களுக்குப் பதிலாக அரமும் கைத்துறப்பணமும் வீட்டிலேயே செய்த பிடிகருவிகளுமே அங்கு இருந்தன. இயந்திரம் செய்ததைக் கை செய்து காட்டியது. ஆனால் குழலில் பொறிக்கப்பட்டது செய்தவனின் பெயரன்று. பிரித்தானிய ஆயுதசாலையின் முத்திரையைப் பார்த்துப் பொறித்தார்கள். எழுத்துத் தெரியாத கை பொறித்ததால் எழுத்துகள் தலைகீழாகவும் பிழையாகவும் அமைவதுண்டு. போலியைக் கண்டுபிடிப்போர் இன்றும் அப்பிழைகளைத்தான் முதலில் தேடுகிறார்கள். அக்பரின் பட்டறையில் குழலில் ஏறிய உஸ்தாதின் பெயர், மூன்று நூற்றாண்டுகளின் பின் எசமானனின் முத்திரைக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

6

இழந்ததைத் தேடும் காலமும் வந்தது. அமெரிக்காவில் வாய்வழி மருந்திடும் பழைய துவக்குகளில் ஆர்வம் கொண்டோர் 1933இல் தேசியச் சங்கமொன்றை அமைத்தார்கள். பழைய துவக்குகளைச் சேர்த்தவர்கள் பின்னர் அவற்றைப்போல் செய்யவும் விரும்பினார்கள். அங்குதான் சிக்கல். துவக்குகள் நூதனசாலைகளில் இருந்தன. செய்த கருவிகள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. செய்தவர்களோ இல்லை. வேர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பேர்க் பழநகரில் வொலஸ் கஸ்லர் என்ற கம்மியர் பதினெட்டாம் நூற்றாண்டுக் கருவிகளை மட்டும் கொண்டு, இரும்புப் பாளத்திலிருந்து தொடங்கி ஒரு முழுத்துவக்கைச் செய்தார். 1969இல் அது ஆவணப்படமாக வெளிவந்தது. ஜோர்ஜியா மாநிலத்தின் ரேபன் மாவட்டத்துப் பாடசாலை மாணவர்கள் தமது மலைப்பகுதி முதியோரைத் தேடிச்சென்று அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்து பொக்ஸ்ஃபயர் என்ற பெயரில் நூல்வரிசை வெளியிட்டார்கள். 1979இல் வந்த ஐந்தாம் தொகுதியில் இரும்பு உருக்குதலும் கொல்லுவேலையும் பழைய துவக்குத் தொழிலும் இடம்பெற்றன. எழுதியவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என்பது எம்மைப் போன்ற எழுதுவோர் கூச்சப்பட வேண்டிய செய்தி.

இன்று பொழுதுபோக்காகப் பழந்துவக்குகளைச் செய்வோரும் செப்பனிடுவோரும் இந்த வழியில் வந்தவர்களே. அவர்களின் முதல் வேலை கருவி செய்வது. தேய்ந்த அரத்தைத் தட்டிச் சுரண்டுகருவியாக்குகிறார்கள். பழைய வில்லுருக்கிலிருந்து உளி செய்கிறார்கள். குழலைக் காயப்படுத்தாமல் பிடிப்பதற்காக இடுக்கியின் வாய்க்குத் தோலும் மரமும் பதிக்கிறார்கள். விசையின் வில்லை முறியாமல் அழுத்தி எடுக்க விரலளவான ஒரு பிடியைச் செய்கிறார்கள். இருநூறு வருடப் பழைய திருகாணியின் பிளவு சிதையக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு திருகாணிக்கும் ஏற்றபடி திருப்புளியின் நுனியைத் தனித்தனியே தேய்த்துக்கொள்கிறார்கள். கடைத் திருப்புளி நூறு ஆணிக்குப் பொதுவானது; எந்த ஆணிக்கும் முழுப் பொருத்தமானதன்று.

இரும்பு உறுப்பை மரத்தில் பதிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. உறுப்பை விளக்குச் சுடரில் பிடித்துக் கரிபிடிக்கச் செய்து, மரத்தில் வைத்து மெல்ல அழுத்தி எடுப்பார்கள். கரி ஒட்டிய இடம் மேடு. அந்த இடத்தை மட்டும் உளியால் ஒரு மயிரிழை சீவுவார்கள். மீண்டும் கரி, மீண்டும் சீவல். கரி எங்கும் ஒரேயளவாய் ஒட்டும்வரை இது தொடரும். எண்ணில்லை, அளவுகோலில்லை, ஆனால் அளவு தவறுவதேயில்லை. 63 அளவுகருவிகள் செய்த வேலையைப் புகைக்கரி செய்கிறது. வித்தியாசம் ஒன்றே: கரி ஒரு மனிதனிடம் மட்டும் பேசுகிறது.

7

இவ்வளவையும் எழுதிக்கொண்டு வந்த கை ஓரிடத்தில் நிற்கிறது. துவக்கைப் பற்றி இத்தனை கனிவோடு எழுத எமக்கு எப்படி மனம் வருகிறது? 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளின் துவக்குகளால் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் துவக்குமுனையில் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியால அவகாசம். இந்த மண்ணில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எந்த வீட்டையும் துவக்கு விட்டுவைக்கவில்லை. அவற்றுள் எதையும் கரிபிடித்துச் சீவி மரத்தில் பதித்த உஸ்தாத் செய்யவில்லை. செய்தவனின் பெயர் இல்லாத, எந்த உறுப்பும் எந்தத் துவக்குக்கும் பொருந்துகின்ற, இலட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளப்பட்ட ஆயுதங்கள் அவை.

இதைக்கொண்டு பழைய கம்மியனைக் குற்றமற்றவனாக்கிவிட நான் முயலவில்லை. சங்கிராம் துவக்கும் சித்தூர் முற்றுகையில் மனிதனைக் கொன்றதுதான். கண்டித் துவக்கும் அழகுக்காக மட்டும் செய்யப்படவில்லை. ஆனாலும் ஒருவன் தன் பெயரைப் பொறிக்கும்போது பொறுப்பையும் பொறிக்கிறான். பெயர் அகன்ற இடத்தில் பொறுப்பும் அகன்றுவிடுகிறது. ஜிக்கைச் செய்தவன் வேறு, அதில் வேலை செய்பவன் வேறு, வாங்குபவன் வேறு, சுடுபவன் வேறு என்று ஆனபின் இறந்தவனுக்காக யாரிடம் கேட்பது? வளையங்களை அளவோடு கோக்கும்படி தாவூத் நபிக்கு இடப்பட்ட கட்டளையை இந்த இடத்தில் வைத்து நினைத்துப் பார்க்கிறேன். கருவி அளவு பிசகாமல் இருந்தது, மனிதன் பிசகிவிட்டான்.

துவக்குத் தொழில் எமது நாட்டில் மீண்டும் தழைக்கவேண்டும் என்று யாரும் விரும்பப் போவதில்லை, விரும்பவும் வேண்டாம். 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலச் சட்டம் முதலாகவே அது அனுமதிப்பத்திரத்துக்குள் அடங்கிய விடயம். நான் கவலைப்படுவது அதனோடு சேர்ந்து அழிந்த கருவியறிவைப் பற்றி. ஆனந்த குமாரசுவாமி 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலைகளைப் பற்றி எழுதியபோது கம்மியரின் நிலை அப்போதே தளர்ந்திருந்தது. அவர் எழுதியதால் சில பெயர்களாவது மிஞ்சின. எமது சமூகத்தின் தொழில்களுக்கு அவ்வாறு ஒருவர் வாய்க்கவில்லை. கல் தீட்டுவோரின் வில்லும் குச்சியும், தோணி கட்டுவோரின் வளைவு மட்டமும், தறிகாரரின் அச்சும், கொல்லுப்பட்டறைகளில் ஒவ்வொருவரும் தம் கைக்கேற்பச் செய்துகொண்ட பெயர் தெரியாத பிடிகளும் இன்னும் எங்கோ மூலையில் கிடக்கின்றன. அவற்றுக்குப் பெயர் சொல்லத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நாம் கவிஞர்களின் பிறந்த ஆண்டைப் பற்றி வாதிடுகிறோம். ஒரு துறப்பணத்துக்கு எமது ஊரில் என்ன பெயர் என்பதை எழுதி வைப்பவர் இல்லை.

நூதனசாலைக்குத் திரும்பிய இரண்டு துவக்குகளையும் பார்க்கச் செல்வோர் பொன்வாளையும் பீரங்கியையும் பார்த்தபின் அவற்றின் பக்கமும் சற்று நிற்கட்டும். குழல் எப்படித் துளைக்கப்பட்டது என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். அப்போது சொல்வதற்கு எம்மிடம் ஒரு சொல்லாவது இருக்கவேண்டும்.